பிழை பிடித்த சீமாட்டி

இங்கிலாந்தின் புகழ்பெற்ற கவிஞர் பைரன் பிரபுவின் மகள் அடா. 1815-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி லண்டனில் பிறந்தார்.

மறு ஆண்டே தந்தை நாட்டைவிட்டுப் போய்விட்டார். தந்தையின் முகமே அடாவுக்குத் தெரியாது.

மகளும் கவிதை, கற்பனை என்று அலையக்கூடாதே எனத் தாய் பயந்தார். கணக்குச் சொல்லித்தர வாத்தியார்களை வைத்தார்.

17-வது வயதில் சார்லஸ் பாபேஜ் என்ற கணித மேதையைச் சந்தித்தார். தானே கணக்குப் போடும் எந்திரம் செய்யவேண்டும் என்பது அவர் கனவு.

அடாவுக்குக் கல்யாணமாயிற்று. மூன்று குழந்தைகள். லவ்லேஸ் சீமாட்டி என்ற பட்டமும் வந்தது. கணக்கை மட்டும் விடவில்லை.

1843-ல் பாபேஜின் எந்திரத்தைப் பற்றிய பிரெஞ்சுக் கட்டுரையை மொழிபெயர்த்தார். அதோடு தாமே எழுதிச் சேர்த்த குறிப்புகள் கட்டுரையைப்போல் மூன்று மடங்கு!

அதில் ஒரு கடினமான கணக்கை, வேலை மிச்சமாகட்டும் என்று பாபேஜே போட்டுக் கொடுத்தார். அதில் பெரிய பிழை இருந்தது. அடா கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார்! மேதைக்கே பிழை காட்டிய இந்தச் செய்தியைப் பிற்காலத்தில் எழுதிவைத்தவரும் பாபேஜ்தான்.

கணக்கை எந்திரம் போடும் விதத்தை 25 படிகளாகப் பிரித்து, எந்தப் படியில் எந்த எண் எப்படி மாறும் என்று அட்டவணை போட்டார் அடா. இன்று லிஸ்ப் போன்ற கம்ப்யூட்டர் மொழிகளில் எழுதுகிறவர்கள், வேலையைப் பாதியில் நிறுத்தி, எண்களின் நிலையைத் திரையில் பார்த்துப் பிழை பிடிக்கிறார்கள். அடாவுக்குத் திரை ஏது? எந்திரமே கிடையாது. அது கட்டி முடிக்கப்படவே இல்லை. எல்லாம் காகிதத்தில்தான்!

அந்த அட்டவணையிலும் ஒரு பிழை அச்சாகிவிட்டது. நாலாவது படியில் வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் இடம் மாறிவிட்டன. எந்திரம் இருந்திருந்தால் விடை தப்பி, பிழை தெரிந்திருக்கும்.

1852-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி புற்றுநோயால் அடா இறந்தார். வயது 36. தந்தை இறந்ததும் அதே வயதில்தான். அடாவின் விருப்பப்படி, அவர் பார்த்தறியாத அந்தத் தந்தையின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.