சீர்காழி இரா. அரங்கநாதன்

சீர்காழி இராமாமிருதம் அரங்கநாதன் (ஆகஸ்ட் 12, 1892 – செப்டம்பர் 27, 1972) தமிழ்நாட்டைச் சேர்ந்த கணிதப் பேராசிரியரும் நூலகவியல் அறிஞரும் ஆவார். இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படுகிறார். நூலகவியலின் ஐந்து விதிகளும் கோலன் பகுப்பு முறையும் இவருக்கு உலகப் புகழைத் தேடித் தந்தன. ஒரு பல்கலைக்கழக நூலகராக இருந்துகொண்டே, நூலகக் கட்டிடத்துக்கு வர இயலாதவர்களிடம் நூல்களைக் கொண்டுசெல்வது நூலகரின் கடமை என்று வலியுறுத்தி அதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தார். இப்பணி அவரது பகுப்பு முறையின் அளவுக்குப் பேசப்படுவதில்லை.

இளமையும் கல்வியும்

அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துச் சீர்காழியில் (தற்போது மயிலாடுதுறை மாவட்டம்) இராமாமிருத ஐயர், சீதாலட்சுமி இணையருக்குப் பிறந்தார். ஆறு வயதில் தந்தையை இழந்தார். சீர்காழி சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப் பள்ளியிலும் பின்னர் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று 1916இல் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். இளமையில் இவருக்குத் திக்குவாய் இருந்தது. விடாமுயற்சியால் அதை வென்றார். மங்களூர், கோயம்புத்தூர் அரசுக் கல்லூரிகளிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார்.

நூலகராதல்

சென்னைப் பல்கலைக்கழகம் தனது முதல் நூலகர் பதவியை அறிவித்தபோது சுமார் 900 பேர் விண்ணப்பித்தனர். அவர்களில் எவருக்கும் முறையான நூலகப் பயிற்சி இல்லை. 1924 ஜனவரியில் அரங்கநாதன் பதவியேற்றார். மாணவர்களிடையே வாழ்ந்து பழகியவருக்கு நூலகத்தின் தனிமை ஒத்துவரவில்லை. சில நாட்களிலேயே கல்லூரி முதல்வரை அணுகிப் பழைய வேலையைக் கேட்டார். இலண்டன் சென்று நூலகவியல் பயின்று வருமாறும், அதன் பிறகும் மனம் மாறாவிட்டால் ஆசிரியப் பணிக்குத் திரும்பலாம் என்றும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் டபிள்யூ. சி. பெர்விக் சேயர்ஸ் இவருக்கு ஆசிரியராக அமைந்தார். சேயர்ஸ் கிராய்டன் நகரின் தலைமை நூலகரும் ஆவார். பிரிட்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை அரங்கநாதன் நேரில் பார்வையிட்டார். குழந்தைகள், தொழிலாளர்கள், பெண்கள் என எல்லாத் தரப்பினரும் அங்கு நூலகங்களைப் பயன்படுத்தியதைக் கண்டு நூலகப் பணியின் சமூகப் பயனை உணர்ந்தார். 1925இல் நாடு திரும்பிய பிறகு ஆசிரியப் பணியை நாடவில்லை.

சுவர்களுக்கு வெளியே

சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் வாசகர்கள் தாங்களே அடுக்குகளுக்குச் சென்று நூல்களை எடுக்கும் திறந்த முறையை அரங்கநாதன் நடைமுறைப்படுத்தினார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தையும் கூட்டினார். சிறு கட்டணத்துக்கு நூல்களை வாசகர்களின் வீட்டுக்கே அனுப்பும் ஏற்பாடும் அங்கு இருந்தது. 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாக முதன்மைக் காரணமாக இருந்தார். மறு ஆண்டு சங்கத்தின் சார்பில் நூலகர் பயிற்சி வகுப்பு தொடங்கியது. அதே 1928இல் தன் மனைவி ருக்மிணியை ஒரு விபத்தில் இழந்தார். அவ்வாண்டின் இறுதியில் சிதம்பரத்தில் நடைபெற்ற கல்வி மாநாட்டில் ஐந்து விதிகளை முதன்முதலாக விளக்கி உரையாற்றினார்.

ஐந்து விதிகள் 1931இல் நூலாக வெளிவந்தன. நூல்கள் பயன்படுவதற்கே உரியவை என்பது முதல் விதி. ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்கவேண்டும் என்பது இரண்டாவது. இந்த இரண்டாம் விதியை விளக்கும் பகுதியே நூலின் உயிர்நாடி எனலாம். செல்வர்–வறியவர், ஆண்–பெண், நகரத்தார்–சிற்றூரார் என்று ஒவ்வோர் எல்லையாக எடுத்துக்கொண்டு, அங்கெல்லாம் நூல்கள் யாருக்கு மறுக்கப்படுகின்றன என்று ஆராய்கிறார். மருத்துவமனை நோயாளிகள், பார்வையற்றோர், சிறையில் இருப்போர் ஆகியோரும் இதில் இடம்பெறுகின்றனர்.

நிலத்தோர், கடலோர் என்ற பிரிவும் அதில் உண்டு. கப்பல் ஊழியர்களுக்கு நூற்பெட்டிகள் அளிக்கும் அமைப்புகள் முதல் உலகப் போரை அடுத்து பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தோன்றியிருந்தன. கரையில் எவ்வளவு சிறந்த நூலகம் இருந்தாலும் பல நாட்கள் கடலில் இருப்பவருக்கு அதனால் பயனில்லை. தூத்துக்குடியை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். அங்கிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற தோணிகளின் மாலுமிகளும், முயல் தீவுக் கலங்கரை விளக்கத்தின் காவலர்களும் இத்தகைய வாசகர்களே. சிப்பிகள் முதிர்ந்த ஆண்டுகளில் மட்டும் நடைபெற்ற முத்துக்குளிப்பின்போது கரையில் சில வாரங்களுக்கு ஒரு தற்காலிக நகரமே எழுந்து மறையும். அத்தகைய மக்களுக்கு நிலையான கட்டிடத்தை விட நகரும் நூலகமே பொருந்தும்.

எழுத்தறியாதவர்களுக்கு நூல்களை வாசித்துக் காட்டுதல், குழந்தைகளுக்குக் கதை சொல்லுதல், இசை நிகழ்ச்சிகள், கண்காட்சிகள், ஊர்த் திருவிழாக்களில் பங்கேற்றல் ஆகியவற்றையும் நூலகப் பணியாகவே அரங்கநாதன் கருதினார். படிப்பறிவு பெருகிய பின் நூலகம் அமைக்கலாம் என்று அந்நாளில் பலர் எண்ணியிருந்த நிலையில் இது துணிவான கருத்து.

மன்னார்குடி மாட்டுவண்டி நூலகம்

1931 அக்டோபர் 21 அன்று மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் நடமாடும் நூலகம் ஒன்று தொடங்கப்பட்டது. மாடுகள் இழுக்கும் வண்டியில் நூல் அடுக்குகள் பொருத்தப்பட்டிருந்தன. வண்டியை வடிவமைத்தவர் பொறியாளர் எஸ். வி. கனகசபைப் பிள்ளை. அரங்கநாதன் முன்னின்று நடத்திய சென்னை நூலகச் சங்கத்தின் தலைவர் கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் அதைத் தொடங்கிவைத்தார். சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்கு வண்டி நூல்களைக் கொண்டுசென்றது. மோட்டார் வண்டிக்கு ஏற்ற சாலைகள் குறைவாக இருந்த காலத்தில், வயல்வெளி ஊர்களுக்குச் செல்ல மாட்டுவண்டியே தகுந்த ஊர்தி. இதற்கான பெருமை அரங்கநாதனுக்கு மட்டும் உரியதன்று. கனகசபைப் பிள்ளையின் பெயரும் சேர்த்தே நினைக்கத்தக்கது.

நூலகச் சட்டம்

தனியார் ஆர்வத்தை மட்டும் நம்பிய நூலகங்கள் நீடிப்பதில்லை. இதை உணர்ந்த அரங்கநாதன், 1930இல் காசியில் நடந்த அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டுக்காக ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை வரைந்தார். அதன் பின் சட்டமன்றத்தில் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் உடனடியாகப் பலன் தரவில்லை. நாடு விடுதலை பெற்ற பிறகு, கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில் சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் நிறைவேறியது. விடுதலை இந்தியாவில் நிறைவேறிய முதல் மாநில நூலகச் சட்டம் இதுவே. மாவட்டம்தோறும் நூலக ஆணைக்குழு அமைக்கவும், சொத்து வரியுடன் நூலக வரி வசூலிக்கவும் இது வழிசெய்தது. அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் அடங்கியிருந்த தூத்துக்குடி 1986இல் தனி மாவட்டமானது. நூலக வரி என்ற ஏற்பாட்டைப் பிற்காலத்தில் எல்லா மாநிலங்களும் பின்பற்றவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பிற்காலம்

1944இல் சென்னைப் பல்கலைக்கழகப் பணியிலிருந்து விலகிய அரங்கநாதன், 1945 முதல் 1947 வரை காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அங்கு சுமார் ஒரு இலட்சம் நூல்களை ஏறத்தாழத் தனியொருவராகப் பகுத்து முடித்தார். பின்னர் தில்லிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் கற்பித்தார். 1957இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தம் சேமிப்பிலிருந்து ஒரு இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்து, இரண்டாம் மனைவி சாரதாவின் பெயரும் இணைந்த நூலகவியல் பேராசிரியர் இருக்கையை நிறுவச் செய்தார். 1962இல் பெங்களூரில் ஆவணப்படுத்தல் ஆராய்ச்சி பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார்.

1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் காலமானார். இவர் பிறந்த ஆகஸ்ட் 12 இந்தியாவில் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.