சார்ல்ஸ் ஹாஹி: பொலிகுதிரைகளுக்கு வரிவிலக்கு அளித்த நிதியமைச்சர்

அயர்லாந்துக் குடியரசில் 1969ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்ட நிதிச் சட்டத்தில் இரண்டு வரிவிலக்குகள் இடம்பெற்றிருந்தன. எழுத்தாளர்களும் ஓவியர்களும் இசையமைப்பாளர்களும் தமது படைப்புகளால் ஈட்டும் வருமானத்துக்கு வரி இல்லை என்றது ஒன்று. பொலிகுதிரைகளின் உரிமையாளர்கள் பெறும் இனவிருத்திக் கட்டணத்துக்கு வரி இல்லை என்றது மற்றொன்று. முதலாவது வெளிநாடுகளிலும் பாராட்டுப் பெற்றது. இரண்டாவது குதிரை வளர்ப்புத் துறைக்குப் பெரிதும் பயனளித்தது.

இரண்டையும் கொண்டுவந்தவர் அப்போதைய நிதியமைச்சர் சார்ல்ஸ் ஹாஹி. பின்னாளில் மூன்று முறை பிரதமராகப் பதவி வகித்து, 2006 ஜூன் 13ஆம் தேதி தமது 80ஆவது வயதில் காலமானார்.

மேற்கு அயர்லாந்தின் காசில்பார் நகரில் 1925இல் பிறந்த ஹாஹி செல்வந்தர் வீட்டுப் பிள்ளை அல்லர். சுதந்திரப் போராட்டத்தில் பங்கெடுத்துப் பின்னர் ராணுவ அதிகாரியான தந்தை, நோயினால் பதவியிலிருந்து விலக நேர்ந்தது. டப்ளினின் வடபகுதியில் எளிய சூழலில் வளர்ந்த மகன் உதவித்தொகை பெற்றுப் பல்கலைக்கழகம் சென்றார். வணிகவியலும் சட்டமும் பயின்று, நண்பருடன் சேர்ந்து கணக்காய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1951இல் அவர் மணந்த மொரீன், பின்னர் பிரதமரான ஷான் லெமாஸின் மகள். 1957இல் நாடாளுமன்ற உறுப்பினரான ஹாஹி, நீதி, விவசாயம் ஆகிய துறைகளைக் கடந்து 1966இல் நிதியமைச்சரானார்.

குதிரை வளர்ப்போருக்கு அவர் அளித்த சலுகையின் தர்க்கம் எளிமையானது. தரோபிரெட் எனப்படும் பந்தயக் குதிரை இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதி இல்லை. குதிரைக்குட்டி பதிவேட்டில் இடம்பெற வேண்டுமானால், தாய்க் குதிரையைப் பொலிகுதிரை இருக்கும் இடத்துக்கே கொண்டுவர வேண்டும். எனவே புகழ்பெற்ற பொலிகுதிரை எந்த நாட்டில் நிற்கிறதோ, அந்த நாட்டுக்கே பல நாடுகளின் பெண் குதிரைகளும், அவற்றுடன் பணமும், லாயப் பணியாளர் முதல் கால்நடை மருத்துவர் வரையிலான வேலைகளும் வந்து சேரும். அயர்லாந்திலோ அதுவரை, பந்தயத்தில் வென்ற நல்ல குதிரைகள் அமெரிக்கா போன்ற நாடுகளின் பணக்காரர்களுக்கு விற்கப்பட்டு வந்தன.

விளைவு கண்கூடானது. பயிற்சியாளர் வின்சென்ட் ஓ'பிரையன், பிரிட்டிஷ் செல்வந்தர் ராபர்ட் சாங்ஸ்டர், குதிரைப் பண்ணையாளர் ஜான் மாக்னியர் ஆகியோர் 1970களில் டிப்பரேரியில் கட்டியெழுப்பிய கூல்மோர் பண்ணை உலகின் முன்னணிக்கு வந்தது. அங்கு நின்ற சாட்லர்ஸ் வெல்ஸ் என்ற குதிரை, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 14 முறை தலைசிறந்த பொலிகுதிரையாக அறிவிக்கப்பட்டது. ஒரு சிறிய விவசாய நாடு ஐரோப்பாவிலேயே மிக அதிகமாகத் தரோபிரெட் குதிரைகளை வளர்க்கும் நாடானது.

ஆனால் சட்டத்தை எழுதியவர் அச்சட்டத்தால் பயனடைந்தோரின் உலகிலேயே வாழ்ந்தார். 1969இலேயே தமது பழைய வீட்டையும் நிலத்தையும் கட்டுமான நிறுவன அதிபர் ஒருவருக்கு இரண்டு லட்சம் பவுண்டுக்கும் அதிகமான விலைக்கு விற்று, டப்ளினுக்கு வெளியே ஆபிவில் என்ற 18ஆம் நூற்றாண்டு மாளிகையையும் அதைச் சூழ்ந்த நிலத்தையும் வாங்கினார். குதிரைச் சவாரி அவரது அன்றாட வழக்கம். 1970 ஏப்ரலில் வரவுசெலவுத் திட்டம் சமர்ப்பிக்கப்பட வேண்டிய நாளிலும் அவர் குதிரையிலிருந்து விழுந்துவிட்டதாகவே அறிவிக்கப்பட்டது. பிரதமர் ஜாக் லிஞ்ச் அவருக்குப் பதிலாக அதை வாசித்தார். இரண்டே வாரங்களில், வடக்கு அயர்லாந்துக்கு ஆயுதம் கடத்த முயன்ற விவகாரத்தில் லிஞ்ச் அவரைப் பதவிநீக்கினார். அக்டோபரில் நீதிமன்றம் ஹாஹியை விடுவித்தது.

1979 டிசம்பரில் அவர் பிரதமராகத் திரும்பி வந்தார். அடுத்த மாதமே தொலைக்காட்சியில் தோன்றி, நாடு வரவுக்கு மீறிச் செலவிடுவதாக மக்களை எச்சரித்தார். அவரோ பிரதமரானபோது ஒரு வங்கிக்குப் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் கடன்பட்டிருந்தார் என்பது பின்னரே தெரியவந்தது. அக்கடனில் ஒரு பகுதியை வங்கி விட்டுக்கொடுத்தது. 1987இல் மூன்றாம் முறை பிரதமரானபோது, கூல்மோரின் மாக்னியரை மேலவை உறுப்பினராக நியமித்தார்.

1992இல் பதவி விலகிய ஹாஹியின் குதிரை ஃபிளாஷிங் ஸ்டீல், 1995இல் அயர்லாந்தின் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் வென்றது. இரண்டே ஆண்டுகளில் விசாரணை ஆணையங்கள் அவரைச் சூழ்ந்தன. 1979 முதல் 1996 வரை அவருக்கு 91 லட்சம் அயர்லாந்து பவுண்டுகள் பிறரால் வழங்கப்பட்டன என, அவர் மறைந்து ஆறு மாதங்களில் நீதிபதி மொரியார்ட்டி ஆணையம் கண்டறிந்தது. அவற்றில் 50,000 பவுண்டு, சவுதி அரேபியாவைச் சேர்ந்த பந்தயக் குதிரை உரிமையாளர் ஒருவர் 1985இல் அளித்தது. அது தாம் விற்ற குதிரைக்குட்டியின் விலை என்று ஹாஹி விளக்கியிருந்தார். ஆணையம் அதை ஏற்கவில்லை. அந்த நபரின் உறவினர்களுக்கு அயர்லாந்துக் குடியுரிமை வழங்கப்பட்டதுடன் அப்பணத்துக்குத் தொடர்பு இருந்தது என்றது. ஹாஹி தம் வாழ்நாளிலேயே 50 லட்சம் யூரோவுக்கும் அதிகமாக வரித்துறைக்குச் செலுத்தி, 2003இல் ஆபிவிலையும் விற்றிருந்தார்.

அவர் எழுதிய வரிவிலக்கில் இன்னொரு விசித்திரமும் இருந்தது. விலக்குப் பெற்ற வருமானத்தை வரிப் படிவத்தில் குறிப்பிட வேண்டிய கட்டாயம்கூட இல்லை. தான் இழந்த தொகை எவ்வளவு என்பதே அரசுக்குத் தெரியாத நிலை 30 ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. மாதச் சம்பளத்தில் வரி பிடிக்கப்படும் ஊழியர்கள் 1979இல் லட்சக்கணக்கில் தெருவில் இறங்கிப் போராடிய நாடு அது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். வருமானத்தை அறிவிக்க வேண்டும் என்ற விதி 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது.

இச்சலுகை சட்டவிரோத அரசு உதவியா என்று ஐரோப்பிய ஆணையம் கேள்வி எழுப்பியதை அடுத்து, 2008 ஜூலை 31ஆம் தேதியுடன் விலக்கு முடிவுக்கு வந்தது. குதிரையின் கொள்முதல் விலையைச் சில ஆண்டுகளில் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு அதன் இடத்தில் வந்தது. கலைஞர்களுக்கான விலக்கு, உச்சவரம்புடன் தொடர்கிறது. சலுகை போனால் பொலிகுதிரைகளும் போய்விடும் என்று அஞ்சியவர்கள் இருந்தனர். கூல்மோர் இன்றும் டிப்பரேரியில்தான் இருக்கிறது.