உழவர் வாசலுக்குச் சென்ற பேராசிரியர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - தாவரவியல்)

ஆய்வுக்கூடத்தில் பிறந்த அறிவு அங்கேயே உறங்கிவிட்டால் யாருக்குப் பயன்? ஏழை உழவனின் வயலை அடைந்தாலன்றோ அது முழுமை பெறும்! இவ்வுண்மையை வாழ்ந்து காட்டியவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், 1864ஆம் ஆண்டையொட்டி, ஓர் அடிமைத் தாயின் மகனாகப் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயையும் சேயையும் கொள்ளையர் கடத்திச் சென்றனர். குழந்தை மீட்கப்பட்டது; தாய் திரும்பவே இல்லை. வளர்ந்த சிறுவர் ஊர் ஊராகச் சென்று, சமைத்தும் துணி வெளுத்தும் கல்வி கற்றார். கறுப்பினத்தவர் என்று கண்டதும் கான்சாஸ் மாநிலக் கல்லூரி ஒன்று கதவை அடைத்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. அயோவா வேளாண்மைக் கல்லூரியில் 1894இல் இளநிலைப் பட்டமும் 1896இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

அவ்வாண்டே புக்கர் டி. வாஷிங்டனின் அழைப்பை ஏற்று, அலபாமா மாநிலத்து டஸ்கீகி கல்வி நிலையத்தில் ஆசிரியரானார். அங்கே அவர் கண்டது என்ன? அடிமைத்தளை நீங்கியும் கடன்தளை நீங்காத உழவர்களை! அவர்களுள் பெரும்பாலோர் பிறர் நிலத்தை வாரத்திற்குப் பயிரிட்டவர்கள். விதையும் உணவும் கடன்; விளையும் பருத்தியே அதற்கு ஈடு. ஆகவே ஆண்டுதோறும் பருத்தியையே விதைத்தனர். மண் சத்திழந்தது, கடன் வளர்ந்தது.

பருத்தியோடு தட்டைப்பயறு, நிலக்கடலை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றையும் மாற்றி மாற்றிப் பயிரிடச் சொன்னார் கார்வர். பயறு, கடலை ஆகியவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருணவாக மாற்றுவதை நாம் பாடத்தில் படிக்கிறோம். அதை அவர் காசில்லாதவனின் உரமாக்கினார். காட்டு இலைமட்கையும் சதுப்புநிலச் சேற்றையும் வயலுக்கு இடும் முறையையும் கற்பித்தார்.

உழவர் கல்லூரிக்கு வர இயலாதபோது கல்லூரியே உழவரிடம் சென்றது. 1906இல் கோவேறு கழுதை பூட்டிய வண்டியொன்று, கருவிகளோடும் விதைகளோடும் ஊர்தோறும் புறப்பட்டது. எளிய நடையில் சிறு நூல்களும் எழுதினார். 1916இல் வெளியான நூலில் நிலக்கடலையை உணவாக்கும் 105 வழிகளைத் தந்தார். கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவரே என்பது தவறான செய்தி. அவர் பெருமைக்கு அது தேவையுமில்லை.

அவர் முயற்சியால் மட்டும் ஏழ்மை ஒழிந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பருத்தியே வேண்டும் என்ற நிலக்கிழாரின் சொல்லை மீற இயலாதோர் பலர். நிலம் தனதாக இல்லாதவனுக்கு நல்ல விதை மட்டும் போதாது. ஆயினும் கொல்லையில் விளையும் காய்கறி கடைக்கடனைக் குறைக்கும் என்று அவர் காட்டிய வழி, கையில் காசில்லாதவனும் நடக்கக்கூடிய வழி.

தம் சேமிப்பை 1940இல் ஆராய்ச்சி நிறுவனம் அமைக்க வழங்கிய கார்வர், 1943 ஜனவரி 5ஆம் நாள் மறைந்தார்.

உழவர் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் நம்மில் பலர், நானும் ஒருவன். வயலை மறப்பதற்கா பட்டம்? கற்றதை வரப்புவரை கொண்டு செல்வோம்!