டாக்டர் கார்னிஷும் அரை ராத்தல் தானியமும்

தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர்களிடம் கதை கேட்டு வளர்ந்த தலைமுறையும் இப்போது மறைந்துவிட்டது. ஆயினும் அப்பஞ்சத்தின் பெயர் தமிழ்நாட்டில் இன்னும் வழங்கி வருகிறது. அக்காலத்துச் சென்னைக் கவர்னரான பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர், பசித்தவர்களைக் கொண்டு வெட்டுவித்த கால்வாயில் நிலைத்திருக்கிறது. வைஸிராய் லிட்டன் பிரபுவின் பெயரைச் சரித்திர புஸ்தகங்கள் விடாமல் காப்பாற்றி வருகின்றன. இவர்களுக்குக் கீழே உத்தியோகம் பார்த்த டாக்டர் வில்லியம் ராபர்ட் கார்னிஷின் பெயரோ, பஞ்ச சரித்திரம் பயில்வோர் அனைவருக்கும் தெரிந்ததாயிருந்தும், எந்த ஜனங்களுக்காக அவர் வாதாடினாரோ அவர்களுடைய சந்ததியாரிடையே மட்டும் மங்கிப்போயிற்று. அன்னிய ஆட்சியின் ஊழியர் ஒருவரை நாம் ஏன் எடுத்துப் பேசுகிறோம் என்று சிலர் கேட்கக்கூடும். அவர் செய்த காரியத்தைச் சொல்வதே அதற்கு விடையாகும்.

கார்னிஷ் இங்கிலாந்தில் வைத்தியம் பயின்று, 1850களில் சென்னை ராஜதானியின் வைத்திய இலாகாவில் சேர்ந்தவர். அவருடைய இளமையைப் பற்றி விஸ்தரிக்க வேண்டிய அவசியமில்லை. முக்கியமான விஷயம் ஒன்றே. அக்காலத்து ஐரோப்பிய வைத்தியர்களிற் பலர் இந்நாட்டு ஜனங்கள் எதை உண்கிறார்கள், எவ்வளவு உண்கிறார்கள் என்று விசாரித்தறிய முற்படவில்லை. கூழும் கேப்பைக் களியும் கொண்டு பிழைப்பவனுக்கு எவ்வளவு கிடைத்தாலும் போதும் என்பது கச்சேரிகளில் பரவியிருந்த எண்ணம். கார்னிஷ் அவ்வாறு எண்ணவில்லை. 1860களிலேயே தென்னிந்திய ஜனங்களின் ஆகாரத்தையும் சிறைச்சாலைகளில் கைதிகளுக்கு அளக்கப்படும் படியையும் ஆராய்ந்து அவர் ஓர் அறிக்கை எழுதினார். சிறைச்சாலை என்பது ஒருவன் உண்பது முழுவதும் நிறுத்து அளந்து கொடுக்கப்படும் இடம். அவன் நோயுற்றாலும் செத்தாலும் பேரேட்டில் ஏறும் இடம். ஆகையால், இவ்வளவு உணவுக்கு இவ்வளவு உழைப்பு, அதற்குக் குறைந்தால் இவ்வளவு சாவு என்பதை அவர் ஊகத்தினாலன்றிக் கணக்கினால் அறிந்திருந்தார். பதினைந்து வருஷத்துக்குள் அக்கணக்குக்கு வேலை வந்தது.

இடையில் அவர் ராஜதானியின் ஸானிட்டரி கமிஷனரானார். 1871ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின் அறிக்கையை எழுதும் பொறுப்பும் அவரிடமே வந்தது. சென்னை ராஜதானியில் 3 கோடியே 12 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள் என்று அக்கணக்குக் கண்டது. எந்த ஜில்லாவில் எத்தனை பேர் உயிரோடிருந்தார்கள் என்ற அடிக்கணக்கு பஞ்சம் வருமுன் அவர் கையில் இருந்தது. பிற்காலத்தில் இறந்தோர் தொகையைச் சர்க்கார் மறைக்க முடியாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

1876ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமும் பொய்த்தது. வடகிழக்குப் பருவமும் பொய்த்தது. தானிய விலை ஏறிற்று. பெல்லாரி, கர்நூல், கடப்பை முதலிய வறண்ட சீமைகளிலும் பின்னர் சேலம், வட ஆர்க்காடு பக்கங்களிலும் ஜனங்கள் வீடுகளை விட்டு வழிநடக்கத் தொடங்கினார்கள். சென்னைச் சர்க்கார் ரஸ்தா வேலைகளைத் திறந்து, வந்தவர்களுக்குக் கூலி கொடுத்தது. ஏறக்குறையப் பத்து லட்சம் பேர் அவ்வேலைகளில் சேர்ந்தனர். 1877 ஜனவரி முதல் தேதி விக்டோரியா மகாராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினியென்று பிரகடனம் செய்யும் தர்பாரை டில்லியில் நடத்திய வைஸிராய்க்கு இச்செலவு பிடிக்கவில்லை. சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரைச் செலவைக் கட்டுப்படுத்தும் பொருட்டுத் தெற்கே அனுப்பினார்.

இந்த டெம்பிளின் நிலைமை விநோதமானது. 1874ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து ஏராளமாக அரிசி தருவித்து, தாராளமாகக் கொடுத்து, மரணத்தைப் பெரும்பாலும் தடுத்தவர் அவரே. அதற்காக அவருக்குக் கிடைத்தது புகழன்று. பணத்தை வாரியிறைத்தார் என்ற பழி. மறுமுறை அப்பழிக்கு ஆளாகக் கூடாதென்று அவர் உறுதி செய்துகொண்டார் போலும். உயிர்களைக் காத்ததற்காகக் கண்டனம் பெற்ற உத்தியோகஸ்தர், அடுத்த பஞ்சத்தில் பணத்தைக் காக்க முற்பட்டதில் வியப்பில்லை. சென்னைக்கு வந்ததும் அவர் விதித்த ஏற்பாடு இது: பஞ்ச வேலை செய்யும் ஆடவனுக்கு ஒரு ராத்தல் தானியம் வாங்கும் விலையும் அதற்கு மேல் சிறு காசும். பீகாரில் ஒன்றரை ராத்தல் அவசியம் என்று கண்டவர், சென்னையில் ஒரு ராத்தல் போதும் என்று கண்டார்.

அரை ராத்தல் என்பது பெரிய வித்தியாசமாக நேயர்களுக்குத் தோன்றாமலிருக்கலாம். இக்காலத்துக் கணக்கில் சொல்லுவோம். ஒரு ராத்தல் அரிசி ஏறக்குறைய 454 கிராம். அதனால் உடலுக்குக் கிடைப்பது சுமார் 1,600 கலோரி. ஒன்றரை ராத்தலானால் சுமார் 2,400. இன்று அகதி முகாம்களில் உணவளிக்கும் ஸ்தாபனங்கள், பிள்ளைகளையும் முதியோரையும் சேர்த்துச் சராசரியாக ஆளுக்கு 2,100 கலோரி என்று வைத்தே திட்டமிடுகின்றன. டெம்பிளின் படியோ, மண் வெட்டிச் சுமந்து கல்லுடைக்கும் ஆளுக்கு விதிக்கப்பட்டது. மேற்கொண்டு கொடுத்த சிறு காசைக் கொண்டு உப்பு, மிளகாய், பருப்பு, விறகு எல்லாம் வாங்கவேண்டும்.

கார்னிஷ் இதை எதிர்த்தார். எதிர்த்த முறைதான் நாம் கவனிக்கத் தக்கது. கொடுமை என்று கூவுவதோடு அவர் நிற்கவில்லை. சிறைக் கைதிக்குச் சர்க்காரே எவ்வளவு அளக்கிறது என்ற கணக்கை எடுத்து முன்னே வைத்தார். குற்றம் செய்து சிறை புகுந்தவனுக்குக் கொடுப்பதைவிடக் குற்றமேதுமின்றிப் பசியால் வந்தவனுக்குக் குறைவாகக் கொடுத்து, அவனிடம் கடின வேலையும் வாங்குவது எவ்விதம் பொருந்தும் என்ற கேள்வி அக்கணக்கிலிருந்து தானே எழுந்தது. டெம்பிள் மார்ச்சு மாதம் 7ஆம் தேதியும் 14ஆம் தேதியும் தம் கட்சியை எழுதி வெளியிட்டார். அவற்றுக்கு மறுப்பாகக் கார்னிஷ் எழுதிய நூல் அவ்வருஷமே சென்னையில் அச்சாயிற்று. தமக்கு மேற்பட்ட அதிகாரியின் குறிப்புகளுக்குக் கீழுத்தியோகஸ்தர் ஒருவர் பகிரங்கமாக மறுப்பெழுதுவது அந்நாளில் சாமானிய காரியமன்று. சென்னைக் கவர்னரின் சர்க்கார் அவருக்குப் பெரும்பாலும் அனுகூலமாயிருந்ததும் அவருக்குத் துணையாயிற்று.

டெம்பிளின் சாட்சியம் பெரும்பாலும் கண்ணால் கண்டது. வேலை செய்யும் கூட்டங்களை வரிசையாக நிறுத்திப் பார்த்து, உடல் நன்றாகவே இருக்கிறதென்று எழுதினார். வழக்காடும் தொழில் பழகிய எவருக்கும் இவ்வகைச் சாட்சியத்தின் பலவீனம் தெரியும். வரிசையில் நிற்க வந்தவன் நிற்கக்கூடியவன். நிற்க முடியாதவன் குடிசையிலோ, சாலையோரத்திலோ, ஆஸ்பத்திரியிலோ கிடப்பான். அவனைப் பார்த்தவர் எவரும் கூட்டத்தின் நிலைமை திருப்திகரமென்று எழுதமாட்டார். இதைவிட நுட்பமான விஷயம் ஒன்றையும் கார்னிஷ் வற்புறுத்தினார். உடம்பு தன் சேமிப்பைச் செலவிட்டுச் சில வாரம் தாங்கும். அப்போது பார்த்தால் பெரிய மாறுதல் தெரியாது. பின்னர் ஒரே சமயத்தில் விழும். விழுந்த பிறகு சோறு போட்டாலும் குடல் அதை ஏற்பதில்லை. சென்னை நிவாரண ஆஸ்பத்திரியில் பஞ்ச நோய்களை ஆராய்ந்த டாக்டர் போர்ட்டர் 1889ல் வெளியிட்ட நூலிலும், பட்டினியால் தேய்ந்து செயலற்றுப்போன குடல்களைப் பற்றிய பிணப் பரிசோதனைச் செய்திகள் உள்ளன. ஆகவே இளைப்புக் கண்ணுக்குத் தெரியும் வரை பொறுத்திருந்து படியை உயர்த்துவது, வீடு எரிந்த பின் கிணறு வெட்டுவதாகவே முடியும்.

இனி, கணக்கைப் பற்றி. கிராமத்தில் சாவைப் பதிவு செய்பவர் கர்ணம் முதலான கிராம உத்தியோகஸ்தர். பதிவு தாலூகாவுக்கு வந்து, ஜில்லாவுக்கு வந்து, கடைசியில் ஸானிட்டரி கமிஷனரின் மேஜையில் மாதக் கணக்காகச் சேரும். தானிய விலை வேறொரு இலாகாவுக்குப் போகும். வேலையாட்களின் தொகை எஞ்சினீயர்களிடமும் கலெக்டர்களிடமும் இருக்கும். முகாம் ஆஸ்பத்திரியின் சாவு வைத்தியர்களிடம் இருக்கும். இவை நான்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் ஒரு ஜில்லா எந்த வாரத்தில் சரியப்போகிறது என்று முன்கூட்டியே அறியலாம். ஆனால் ஒரே தாளில் எழுதுவது எவருடைய கடமையுமன்று. கார்னிஷ் தம் இலாகாவின் எல்லையை மீறியே இவற்றைச் சேர்த்துப் பார்த்தார். படியை உயர்த்தும் அதிகாரமோ அவரிடம் இல்லை. அறிந்தவருக்கு அதிகாரமில்லை, அதிகாரமுள்ளவர் பணக் கணக்கைத்தான் பார்த்தார்.

பதிவுப் புஸ்தகமும் பஞ்சத்தில் நம்பக்கூடியதன்று. சாவு மிகும்போது சாவைப் பதிகிறவனும் நோயில் விழுகிறான், ஊரைவிட்டு ஓடுகிறான், அல்லது நிவாரண வேலைக்கு இழுக்கப்படுகிறான். வழியில் விழுந்து செத்தவன் எந்த ஊர்ப் பதிவிலும் சேருவதில்லை. ஆகவே எங்கே பஞ்சம் கடுமையோ அங்கே புஸ்தகம் மௌனமாகிறது. மேஜையிலிருந்து பார்ப்பவருக்கு அம்மௌனம் க்ஷேமம் போலத் தோன்றும். இவ்வளவு குறையோடும் 1877ல் ராஜதானியில் பதிவான சாவு 15 லட்சத்துக்கு மேற்பட்டது. இன்று சர்வதேச நிபுணர்கள், நாளொன்றுக்குப் பதினாயிரம் பேரில் ஒருவருக்கு மேல் இறந்தால் அதை ஆபத்து நிலைமையென்று கொள்கிறார்கள். தஞ்சை, கோதாவரி போன்ற பாசன ஜில்லாக்களையும் சேர்த்து, ராஜதானி முழுவதற்கும், வருஷம் முழுவதற்கும் சராசரி கண்டாலும் அத்தொகை அவ்வரம்புக்கு மேலேயே நிற்கிறது. வறண்ட ஜில்லாக்களை மட்டும் பிரித்தெடுத்தால் என்னவாகும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்விடத்தில் நம்மவர் செய்ததொரு காரியத்தையும் குறிப்பிடவேண்டும். அதே சமயம் பம்பாய் ராஜதானியிலும் பஞ்சம். பூனா சார்வஜனிக சபையார் சர்க்காரின் புள்ளிகளை நம்பியிருக்கவில்லை. தம் ஆட்களைக் கொண்டு ஜில்லாக்களில் விசாரித்து, பயிரின் நிலை, விலை, கூலி, ஜனங்களின் கஷ்டம் ஆகியவற்றைத் தொடர்ச்சியான அறிக்கைகளாக எழுதி சர்க்காருக்கு அனுப்பினார்கள். ஒரு ராத்தல் கூலியை ஏற்க மாட்டோம் என்று அங்கே ஆயிரக்கணக்கானோர் பஞ்ச வேலையை விட்டு நீங்கினார்கள். சபையார் அவர்கள் பக்கம் நின்றார்கள். சென்னையில் அத்தகைய சபை அன்று இல்லாதிருந்தது நமக்கு வெட்கந்தரும் விஷயம். இருந்திருந்தால் கார்னிஷ் தனியே வாதாட வேண்டியிருந்திராது. மதராஸ் டைம்ஸ் பத்திராதிபர் வில்லியம் டிக்பி பஞ்ச வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி 1878ல் வெளியிட்டது மட்டுமே ஓர் ஆறுதல்.

கார்னிஷ் கடைசியில் வென்றார் என்றே சொல்லலாம். 1877ஆம் ஆண்டிலேயே சென்னைச் சர்க்கார் டெம்பிளின் படியைக் கைவிட்டுக் கூலியை உயர்த்தியது. ஆனால் அதற்குள் பல மாதங்கள் சென்றுவிட்டன. டெம்பிள் அவ்வாண்டே பம்பாய் கவர்னராக உயர்ந்து போனார். 1880ல் பஞ்சக் கமிஷன், உழைக்கும் ஆடவனுக்கு ஒன்றரை ராத்தலையொட்டிய அளவே தேவையென்று கண்டது. 1883ல் பஞ்ச விதிகளின் மாதிரி வந்தபோது, விலையேற்றம், ஜனங்கள் ஊரைவிட்டு அலைதல், குற்றப் பெருக்கம் முதலிய குறிகளை ஜில்லா அதிகாரிகள் முன்னதாகவே கவனித்து மேலே எழுத வேண்டுமென்று ஏற்பட்டது. கார்னிஷின் மறுப்பு நூல் ஒரு ராத்தல் போதுமா என்பதைப் பற்றியதே. பஞ்ச வருஷத்தில் நிலவரி வசூலிப்பது தகுமா, தானியம் கப்பலேறுவது தகுமா என்ற பெரிய கேள்விகள் அதன் பொருளல்ல. அவ்வளவுக்கு அவர் ஆட்சியின் ஊழியர்தாம். இந்தக் குறையைச் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையாக எழுதியவர்களாகோம்.

இக்காலத்தில் யுத்தத்திலோ வறட்சியிலோ ஒரு நாடு பசியில் விழுந்தால், ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியைத் தலைமையாகக் கொண்டு போஷாக்கு வேலை செய்யும் ஸ்தாபனங்கள் ஒரே குழுவாகக் கூடுகின்றன. எந்த ஊரில் எவர் உணவளிப்பது என்று பங்கிட்டுக்கொண்டு, குழந்தையின் மேற்கையை நாடாவால் அளக்கின்றன. 115 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அக்குழந்தை உடனே சிகிச்சைக்குரியது. எல்லோரும் ஒரே நாடா, ஒரே படிவம், ஒரே அளவு. கார்னிஷ் தனி மனிதராக ஒரே தாளில் சேர்க்க முயன்ற கணக்கைச் சேர்ப்பதற்கென்றே அங்கே ஆட்கள் நியமிக்கப்படுகிறார்கள். இருந்தும், முற்றுகையிட்ட சேனை வழிவிடாத இடத்தில் நாடா போகாது. அங்கே இன்றும் புஸ்தகம் மௌனமாகவே இருக்கிறது.

பதிவுகள் பொய் சொல்லுகின்றன என்று தெரிந்தபின் கார்னிஷ் செய்த கடைசிக் காரியம் ஒன்றுண்டு. 1878 மார்ச்சில், பஞ்சம் பட்ட ஜில்லாக்களில் தேர்ந்தெடுத்த பகுதிகளில் மீண்டும் தலை எண்ணச் செய்து, தம் 1871ஆம் வருஷத்துக் கணக்கோடு ஒத்துப் பார்த்தார். பதிவுகளில் கண்ட சாவு நடந்த சாவில் ஒரு பகுதியே என்பது அதனால் வெளிப்பட்டது. அவர் பின்னர் சென்னை ராஜதானியின் ஸர்ஜன் ஜெனரலாக உயர்ந்து, உத்தியோகத்தினின்று நீங்கி, அந்நூற்றாண்டு முடியுமுன் காலமானார். 1881ல் ராஜதானி முழுவதும் மறுபடி எண்ணப்பட்டது. 1871ல் 19,66,995 பேர் இருந்த சேலம் ஜில்லாவில் அப்போது காணப்பட்டோர் 15,99,595 பேர்.