பட்டம் வாங்காத பிஷப்: தாம்பரம் மாநாடு முதல் சிஎஸ்ஐ வரை... யார் இந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா?

ஒரு திருச்சபைக்குப் புது பிஷப் பொறுப்பேற்கிறார் என்றால் சென்னையின் தெற்குப் பக்கத்தில் அது பெரிய செய்தி. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று வரவேற்பு பேனர்கள் முளைக்கும். சால்வைகள் குவியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு சந்தேகம் வரலாம். சிஎஸ்ஐக்கு ஒரு பிஷப், மெத்தடிஸ்ட் திருச்சபைக்குத் தனியாக ஒரு பிஷப், லுத்தரனுக்கு இன்னொருவர். எல்லாம் கிறிஸ்தவம்தானே, ஏன் இத்தனை பேர்?

நூறு வருஷத்துக்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலுக்காகப் பாதி ஆயுளைச் செலவழித்த ஒரு தமிழர் இருந்தார். வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய பிஷப். அவர் கதையைத் தெரிந்துகொண்டால் மேலே உள்ள கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

வெள்ளாளன்விளை பையன்

1874 ஆகஸ்ட் 17. அப்போதைய திருநெல்வேலி ஜில்லாவில் வெள்ளாளன்விளை என்ற சின்ன ஊரில் அசரியா பிறந்தார். அப்பா தாமஸ் வேதநாயகம், கிராமத்துக் குருவானவர். நாடார் சமூகத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர். அம்மா எலன். அசரியா பள்ளிப் பருவத்தில் இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். பிறகு எல்லாம் அம்மாவின் கண்டிப்பில்தான்.

மெஞ்ஞானபுரத்தில் பள்ளிப் படிப்பு. அடுத்து திருநெல்வேலி. அதன் பின் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி. இன்று தாம்பரத்தில் இருக்கும் அதே எம்சிசிதான். ஆனால் அப்போது கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தது. தாம்பரத்துக்கு மாறியது 1937இல்.

கடைசித் தேர்வு நேரத்தில் உடம்பு படுத்துவிட்டது. கணிதத் தேர்வு எழுத முடியவில்லை. பிஏ பட்டமும் கைக்கு வரவில்லை. பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து போட்டுக்கொள்வதே பெரிய கௌரவமாக இருந்த காலம் அது. அவர் திரும்பப் போய் அந்தத் தேர்வை எழுதவும் இல்லை. 1895இல் ஒய்எம்சிஏவில் செயலாளராகச் சேர்ந்துவிட்டார். தென்னிந்தியா முழுக்கச் சுற்றி இளைஞர்களைத் திரட்டுகிற வேலை.

1898இல் அன்பு மரியம்மாளுடன் திருமணம். கல்லூரி வரை போய்ப் படித்த பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த காலத்தில் படித்தவர் அவர். பின்னாளில் அசரியாவின் கிராம ஊழியத்தில் பெண்களிடையே நடந்த வேலையில் பெரும்பகுதி இவருடைய கையில்தான் இருந்தது.

யாழ்ப்பாணம் கொடுத்த யோசனை

1902இல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கே பார்த்த ஒரு விஷயம் அவரை உலுக்கிவிட்டது. யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசைப் போட்டு, தங்கள் ஆட்களையே வெளியூருக்கு மிஷனரிகளாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலியிலோ கிறிஸ்தவர்கள் எண்ணிக்கை அதிகம், சபைகளும் பழையவை. ஆனாலும் மிஷனரி என்றால் வெள்ளைக்காரர், பணம் என்றால் லண்டன் என்ற நினைப்பு மாறவில்லை.

ஊர் திரும்பியதும் வேலை தொடங்கியது. 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் உருவானது. இந்தியர் ஆள், இந்தியர் பணம், இந்தியர் நிர்வாகம் என்பதுதான் கொள்கை. 1905 கிறிஸ்துமஸ் நாளில் வங்காளத்தின் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கமும் பிறந்தது. அதற்கும் பின்னால் இருந்தவர்களில் அசரியா முக்கியமானவர்.

திருநெல்வேலிச் சங்கம் ஊழியத்துக்குத் தேர்ந்தெடுத்த இடம் தோர்ணக்கல். நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானத்தில் தெலுங்கு பேசும் பகுதி. சென்னையிலிருந்து டெல்லி போகிற ரயிலில் விஜயவாடா, கம்மம் தாண்டினால் வருமே ஒரு ஜங்ஷன், அதே ஊர்தான். இன்று தெலங்கானாவில் இருக்கிறது.

ஒரு கட்டத்தில் அசரியாவுக்கு ஓர் உறுத்தல். மற்றவர்களைப் போகச் சொல்லிக்கொண்டே இருக்கிறோமே, நாம் ஏன் போகக் கூடாது? 1909இல் ஒய்எம்சிஏ வேலையை விட்டார். குருப்பட்டம் பெற்றார். மொழி தெரியாத ஊரில் குடும்பத்தோடு போய் இறங்கி, தெலுங்கு கற்றுக்கொண்டார்.

எடின்பரோவில் வெடித்த பேச்சு

1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. சுமார் 1,200 பிரதிநிதிகள். ஆசியத் திருச்சபைகளிலிருந்து வந்தவர்கள் இருபதைக்கூடத் தொடவில்லை. அவர்களில் ஒருவர் 35 வயது அசரியா.

மிஷனரிகளுக்கும் உள்ளூர் ஊழியர்களுக்கும் உள்ள உறவு பற்றிப் பேசச் சொன்னார்கள். அவர் சுற்றி வளைக்கவில்லை. மிஷனரிகளின் தியாகத்தை மதிக்கிறோம், ஆனால் எங்களை நீங்கள் நண்பர்களாக நடத்துவதில்லை என்பதுதான் பேச்சின் சாரம். சம்பளம் தருகிற எஜமானர், வாங்குகிற வேலைக்காரர் என்ற உறவில் திருச்சபை வளராது என்று அந்த அரங்கத்திலேயே சொன்னார். கூட்டத்தில் சிலர் நெளிந்தார்கள், சிலருக்குக் கோபமே வந்துவிட்டது. ஆனால் அந்த மாநாட்டில் பேசப்பட்ட எத்தனையோ பேச்சுகளில் இன்று வரை நினைவுகூரப்படுவது அதுதான்.

பிஷப் ஆவதற்கு யார் தடை?

மெட்ராஸ் பிஷப்பாக இருந்த ஹென்றி வைட்ஹெட், அசரியாவை பிஷப் ஆக்க வேண்டும் என்று விடாமல் போராடினார். (தத்துவ மேதையும் கணித மேதையுமான ஆல்ஃப்ரெட் நார்த் வைட்ஹெட்டின் அண்ணன் இவர்.)

எதிர்ப்பு இரண்டு பக்கமிருந்து வந்தது. ஓர் இந்தியருக்குக் கீழே வெள்ளைக்கார மிஷனரிகள் எப்படி வேலை செய்வது என்று ஒரு தரப்பு கேட்டது. இன்னொரு தரப்பு இன்னும் வேதனையானது. இந்தியக் கிறிஸ்தவர்களிலேயே ஒரு பகுதியினர் அவருடைய சாதியைக் காரணம் காட்டி முகம் சுளித்தார்கள். கோயிலுக்குள் வந்த பிறகும் சாதி வாசலில் நிற்கவில்லை, கூடவே உள்ளே வந்துவிட்டது.

எல்லாவற்றையும் தாண்டி 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா செயின்ட் பால்ஸ் பேராலயத்தில் அவருக்கு பிஷப் அபிஷேகம் நடந்தது. வயது 38. ஆனால் கொடுக்கப்பட்ட இடம் தோர்ணக்கல். ஐரோப்பிய மிஷனரிகள் அதிகம் இல்லாத, யாருக்கும் பெரிதாக உரசல் வராத மூலை. அதாவது பதவியும் கொடுத்த மாதிரி, பிரச்சினையும் வராத மாதிரி!

அந்த மூலைதான் பின்னாளில் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது.

மாட்டுவண்டி பிஷப்

அசரியா மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் கிராமம் கிராமமாகப் போனார். அவரைத் தேடி வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்ற ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். இந்த இரண்டு சமூகங்களுக்கு நடுவிலேயே பெரிய விரிசல் இருந்தது. ஒரே தேவாலயத்தில் உட்கார வைப்பதே ஒரு போராட்டம்.

ஞானஸ்நானம் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை. கிராமப் பள்ளிக்கூடம், சுத்தம், குடிப்பழக்கம், கந்துவட்டிக் கடன் என்று எல்லாவற்றிலும் தலையிட்டார். கூடவே சபைகள் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ளப் பழக்கினார். காணிக்கை காசாகத்தான் இருக்க வேண்டியதில்லை, கைப்பிடி அரிசியும் காணிக்கைதான். 1930களில் அவருடைய பேராயத்தில் கிறிஸ்தவர்கள் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியது.

பிஏ முடிக்காத இவருக்கு 1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது தனிக் கதை.

தோர்ணக்கல் பேராலயத்தையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் கூர்மாடக் கட்டடத்தைக் காப்பி அடிக்க அவர் விரும்பவில்லை. இந்துக் கோயில் பாணித் தூண்கள், மசூதி பாணிக் குவிமாடங்கள் என்று இந்த மண்ணின் சாயலிலேயே கட்டினார். கட்டி முடிக்கக் கால் நூற்றாண்டு ஆனது. 1939 ஜனவரியில்தான் பிரதிஷ்டை.

விமர்சனமும் வந்தது. கூட்டங்கூட்டமாக நடந்த மதமாற்றத்தை காந்தி கடுமையாக எதிர்த்தார். அசரியா, இது அந்த மக்களே எடுக்கிற முடிவு என்ற நிலையில் உறுதியாக நின்றார். அதே அசரியா, 1932இல் பிரிட்டிஷ் அரசு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பின்படி கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி கிடைத்தபோது அதை எதிர்த்தார். திருச்சபை தன்னை ஓர் அரசியல் சாதியாகச் சுருக்கிக்கொள்ளக் கூடாது என்பது அவருடைய வாதம். இரண்டு நிலைப்பாடுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் மனிதர் புரிவார்.

தரங்கம்பாடி டு தாம்பரம்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். ஏன் இத்தனை திருச்சபைகள்?

இங்கிலாந்திலிருந்து ஆங்கிலிக்கனும் வெஸ்லியன் மெத்தடிஸ்டும், ஸ்காட்லாந்திலிருந்து பிரஸ்பிட்டேரியனும், ஜெர்மனியிலிருந்து லுத்தரனும் வந்தார்கள். அவர்கள் ஊர்ச் சண்டைகளும் கூடவே கப்பலேறி வந்தன. நம்மூர் கிராமத்துக் கிறிஸ்தவருக்கு அந்தச் சண்டைகளின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. ஆனாலும் பிரிந்து நின்றார்.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 போதகர்கள் கூடினார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் இந்தியர்கள். முன்னின்று அழைத்தவர்களில் ஒருவர் அசரியா. நாங்கள் உண்டாக்காத பிரிவுகளை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டு, ஒரே திருச்சபை வேண்டும் என அறிக்கை விட்டார்கள். 1925இல் வெஸ்லியன் மெத்தடிஸ்ட்களும் பேச்சுவார்த்தையில் சேர்ந்தார்கள்.

பெரிய சிக்கல் எது தெரியுமா? பிஷப் பதவியேதான். ஆங்கிலிக்கனுக்கு பிஷப் இல்லாமல் முடியாது. மற்றவர்களுக்கு அந்தப் பதவியே கிடையாது. பிஷப் கையால் அபிஷேகம் பெறாத போதகர்களின் ஊழியம் செல்லுமா, செல்லாதா என்ற ஒரே கேள்வியில் பேச்சு வருஷக்கணக்கில் இழுத்தது.

1938 டிசம்பரில் தாம்பரம் உலக வரைபடத்தில் இடம்பிடித்தது. சர்வதேச மிஷனரி மாநாடு சீனாவின் ஹாங்சோ நகரில் நடப்பதாக இருந்தது. ஜப்பான் படையெடுப்பால் அங்கே முடியவில்லை. அப்போதுதான் புது வளாகத்துக்கு வந்திருந்த எம்சிசிக்கு அதிர்ஷ்டம் அடித்தது. சுமார் 470 பேர் வந்தார்கள். போரில் மோதிக்கொண்டிருந்த சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தவர்கள் ஒரே அரங்கில் உட்கார்ந்தார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களில் ஒருவர் ஆல்பர்ட் லுத்துலி. பின்னாளில் 1960க்கான அமைதி நோபல் பரிசு பெற்றவர்.

எடின்பரோவில் ஆசியத் திருச்சபையினர் இருபது பேர்கூட இல்லை. தாம்பரத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கத் திருச்சபைகளிலிருந்து வந்தவர்கள். அப்போது இந்தியாவின் தேசியக் கிறிஸ்தவ கவுன்சில் தலைவராக இருந்த அசரியா, பழைய பல்லவியையே மீண்டும் பாடினார். திருச்சபைகள் ஒன்றுபட வேண்டும், மேலைநாடுகள் குறுக்கே நிற்கக் கூடாது.

பார்க்காமலே போனார்

1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கல்லில் அசரியா இறந்தார். 1947 செப்டம்பர் 27 அன்று மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சிஎஸ்ஐ, உதயமானது. மூன்று வருஷம்கூடத் தாண்டவில்லை.

பிஷப் சிக்கலுக்கும் விடை கிடைத்தது. ஏற்கெனவே இருக்கிற போதகர்கள் எல்லோரையும் அப்படியே ஏற்பது, இனி வருபவர்களுக்கு பிஷப் கையால் அபிஷேகம். அதே நாளில் புதிதாக 9 பிஷப்கள் அபிஷேகம் பெற்றார்கள். பிஷப்பே இல்லாத சபைகளிலிருந்து வந்தவர்களும் அதில் உண்டு. பின்னாளில் மெட்ராஸ் பிஷப்பான லெஸ்லி நியூபிகின் அவர்களில் ஒருவர்.

அப்படியானால் மெத்தடிஸ்ட் பிஷப் என்று இன்றும் தனியாக ஒருவர் எப்படி? சிஎஸ்ஐயில் சேர்ந்தது பிரிட்டிஷ் வழி வந்த மெத்தடிஸ்ட்கள். அமெரிக்க வழி வந்தவர்கள் சேரவில்லை. அவர்களுக்கு ஏற்கெனவே பிஷப் முறை இருந்தது. 1970இல் வட இந்தியத் திருச்சபை உருவானபோதும் கடைசி நேரத்தில் ஒதுங்கிக்கொண்டார்கள். 1981இல் அமெரிக்கத் தலைமையிலிருந்து விலகி, இந்திய மெத்தடிஸ்ட் திருச்சபையாகத் தனித்து நிற்கத் தொடங்கினார்கள். லுத்தரன் திருச்சபைகளும் இணைப்புக்கு வெளியிலேயே இருந்தன. தென் புறநகரில் வெவ்வேறு பேனர்கள் பறப்பதற்குப் பின்னணி இதுதான்.

கடைசியாக ஒரு கணக்கு. அசரியா பிஷப்பாக இருந்தது 32 வருஷம். இந்திய ஆங்கிலிக்கன் திருச்சபையில் அத்தனை காலமும் ஒரு பேராயத்தின் முழுப் பொறுப்பைக் கையில் வைத்திருந்த இந்தியர் அவர் ஒருவர்தான். துணை பிஷப்களாக ஒன்றிரண்டு பேர் வந்தார்கள், அவ்வளவே. கதவைத் திறந்தவருக்குப் பின்னால் இன்னொருவரை உள்ளே விட அத்தனை தயக்கம். இன்று ஒரு பிஷப்பின் பெயர் அறிவிக்கப்படும்போது அவர் இந்தியரா என்று யாரும் கேட்பதில்லை. எந்த சாதி என்ற கேள்வி மட்டும் இன்னும் சில இடங்களில் முணுமுணுப்பாகக் கேட்கத்தான் செய்கிறது. அசரியா தொடங்கிய வேலையில் மிச்சம் இருப்பது அதுதான்.