தீவகத்தின் ஒளியும் விமலசுரேந்திரவின் கனவும்

நத்தார் காலத்தில் தேவாலய முகப்புகளிலும் வீட்டு வாயில்களிலும் வண்ண மின்குமிழ்கள் ஒளிர்வதையும், திருவிழாக்களில் கோயில் வீதிகள் மின்னலங்காரத்தில் திளைப்பதையும் கண்டு மகிழாதார் யார்? நெடுந்தீவிலும் இம்மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. ஆயினும் அங்கு ஒளியின் விலை அதிகம். தேசிய மின்வலையமைப்போடு இணையாத அத்தீவு, கடல் கடந்து வரும் டீசலில் இயங்கும் மின்பிறப்பாக்கிகளையே பல்லாண்டு காலமாக நம்பி வந்துள்ளது. இந்நிலையில், இலங்கை நீர்மின்சாரத்தின் தந்தையெனப் போற்றப்படும் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவை நினைவுகூர்வது பொருத்தமென நாம் கருதுகின்றோம்.

1874ஆம் ஆண்டு காலியில் பிறந்த அவர், அரசாங்கப் பொது வேலைகள் திணைக்களத்தில் பணியாற்றினார். மலையகத்து அருவிகள் பயனின்றிக் கடலைச் சேர்வது அவரது சிந்தனையைத் தூண்டியது. நுவரெலியா நகருக்கு ஒளியூட்டுவதற்காக, நானுஓயாவுக்கு அண்மையில் சிறியதொரு நீர்மின் நிலையத்தை அமைத்தார். 1918இல் இலங்கைப் பொறியியல் சங்கத்தின் முன் ஆய்வுரையொன்றைச் சமர்ப்பித்து, களனி கங்கையின் கிளையாறுகளிலிருந்து நாட்டுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெற இயலுமென எடுத்துரைத்தார். இறக்குமதி எரிபொருளில் தங்கியிராத நாடே அவரது கனவு.

குடியேற்ற ஆட்சியினர் அக்கனவை எளிதில் ஏற்கவில்லை. 1924இல் தொடங்கப்பட்ட லக்சபான வேலைகள் 1927இல் நிறுத்தப்பட்டன. ஓய்வுபெற்ற பின்னரும் அவர் ஓயவில்லை. 1931இல் இரத்தினபுரித் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கும் இத்திட்டத்துக்காகவே குரலெழுப்பினார். லக்சபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 76. மூன்றாண்டுகளின் பின், 1953இல் அவர் மறைந்தார். நோர்ட்டன் பிரிட்ஜ் மின்நிலையம் இன்று அவரது பெயரைத் தாங்கி நிற்கின்றது.

ஆனால் அவர் கண்ட கனவு நெடுந்தீவின் கரையை எட்டவில்லை. அங்கு அருவிகள் இல்லை. வெயிலும் காற்றும் நிறைய உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் சூரிய ஒளியையும் காற்றையும் இணைத்து மின்னுற்பத்தி செய்யும் திட்டத்துக்கு 2022இல் இந்தியாவுடன் உடன்படிக்கை கைச்சாத்தானது. லக்சபானவுக்கு நேர்ந்த தாமதம் இதற்கும் நேரலாகாது என்பதே எமது வேண்டுகோள்.

அதுவரையில் மக்களுக்கும் ஒரு கடமை உண்டு. பழைய 60 வாட்டுக் குமிழ்கள் பத்தினை ஐந்து மணிநேரம் எரித்தால் மூன்று அலகுகள் செலவாகும். அதற்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் டீசல் எரிய வேண்டும். அதேயளவு ஒளியைத் தரும் எல்.ஈ.டி. குமிழ்களுக்கு அரை அலகே போதுமானது. விழா முடிந்து வீதி வெறிச்சோடியதும் அலங்கார விளக்குகளை அணைத்துவிடுவதால் எவரது மகிழ்ச்சியும் குன்றிவிடாது. ஒளியை அனுபவிப்போம், அதனை வீணாக்காதிருப்போம். விமலசுரேந்திரவுக்கு நாம் செலுத்தக்கூடிய உண்மையான அஞ்சலி அதுவேயாகும்.