காய்ச்சலைத் துணைக்கு அழைத்த வைத்தியர்

சென்ற ஆண்டு என் தமையனாருக்குச் சிறுநீர்ப்பையிலே புற்றுநோய் கண்டது. சத்திர சிகிச்சையினாற் கட்டியை அகற்றிய பின்னர், வாரம் ஒருமுறையாக ஆறு வாரங்களுக்கு ஒரு மருந்தைச் சிறுநீர்ப்பையினுள்ளே செலுத்தினார்கள். மருந்தின் பெயரைக் கேட்டபோது நான் வியப்புற்றேன். பிறந்த குழந்தைக்குக் காசநோய் வாராதிருக்க இடப்படும் பி.சி.ஜி. என்னும் அதே தடுப்பு மருந்துதான் அது. வலிமை குன்றச் செய்யப்பட்டிருப்பினும் அதில் உள்ளவை உயிருள்ள கிருமிகளே. மருந்தேற்றிய இரவுகளில் அவருக்குச் சிறிது காய்ச்சலும் கண்டது. நோயைத் தீர்க்க வந்தவர்கள் கிருமியை உள்ளே விடுவது என்ன நியாயம் என்று அவர் என்னிடம் முறையிட்டார். அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். காரணம் காட்டாமல் எதனையும் ஒப்புக்கொள்ளார். அவருக்கு விடை கூறுதற்பொருட்டு நூல்களைப் புரட்டத் தொடங்கிய நான், ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தைக் கடந்து, வில்லியம் பிராட்லி கோலி என்னும் அமெரிக்கச் சத்திர வைத்தியரின் வாழ்க்கையிலே போய் நின்றேன்.

கோலி 1862ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12ஆம் திகதி, கனெற்றிக்கற் மாநிலத்திலே பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்று, இரண்டாண்டுகள் ஒறிகன் மாநிலத்தில் ஆசிரியராயிருந்து, பின்னர் ஹாவார்ட் மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1888இல் வைத்தியரானார். நியூயோர்க் வைத்தியசாலையிற் பயிற்சி முடித்துத் தொழிலைத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தெட்டு. வேதனை தெரியாமற் செய்யும் மயக்கமருந்தும், புண் சீழ்ப்பிடியாமற் காக்கும் முறைகளும் வழக்கிற்கு வந்துவிட்ட காலம் அது. கத்தியினால் ஆகாதது யாதும் இல்லை என்னும் பெருமிதத்தோடு சத்திர வைத்தியர்கள் திகழ்ந்தனர். இளைஞரான கோலியும் அப்பெருமிதத்திலே பங்குகொண்டிருப்பார் என எண்ணுதல் தவறாகாது.

அப்பெருமிதத்தை உடைத்தவள் பதினேழு வயதுப் பெண்ணொருத்தி. 1890ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலே அவள் கோலியிடம் வந்தாள். புகைவண்டிப் பயணத்தின்போது வலக்கையிலே பட்ட சிறு காயம் ஆறவில்லை என்பதே முறைப்பாடு. வீக்கம் குறையவில்லை, வலி வளர்ந்தது. சோதித்தபோது அது சாக்கோமா என்னும் கொடிய புற்றுநோய் எனத் தெரிந்தது. நவம்பர் மாதத்தில் முழங்கையின் கீழே கையை வெட்டி அகற்றினார் கோலி. அக்காலத்து வைத்தியம் அறிந்த மிகச்சிறந்த வழி அதுவே. ஆயினும் நோய் கத்தியைக் காட்டிலும் விரைவாக ஓடிற்று. உடலெங்கும் பரவி, 1891 ஜனவரியில் அவள் உயிரைக் கவர்ந்தது. முதல் முறை கண்டதிலிருந்து நான்கு மாதம் ஆகவில்லை.

நோயாளர் இறப்பது வைத்தியருக்குப் புதிதன்று. பலர் பெருமூச்சு விட்டு அடுத்த நோயாளரிடம் செல்வர். கோலியால் அவ்வாறு செல்ல முடியவில்லை. அவர் வைத்தியசாலையின் பழைய ஏடுகளை எடுத்துவைத்துக்கொண்டு, அதே நோயினால் வருந்தியோரின் வரலாறுகளை ஒவ்வொன்றாகப் படிக்கலானார். பெரும்பாலானவை ஒரே முடிவையே கூறின. ஆயினும் ஓர் ஏடு மட்டும் மாறுபட்டது. ஜேர்மனியிலிருந்து குடியேறிய ஒருவரின் கழுத்திலே தோன்றிய சாக்கோமாக் கட்டியைப் பலமுறை வெட்டியும் அது மீண்டும் மீண்டும் வளர்ந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை எனக் கைவிட்ட வேளையில், அவருடைய புண்ணில் எரிசிப்பெலாஸ் என்னும் தொற்றுநோய் பற்றிக்கொண்டது. தோல் செந்நிறமாகக் கனன்று, கடுங்காய்ச்சலை உண்டாக்கும் நோய் அது. வைத்தியசாலைகளின் பரம சத்துரு. காய்ச்சல் ஏறியிறங்கிய ஒவ்வொரு முறையும் கட்டி சுருங்கிற்று. இறுதியிற் கட்டியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. நோயாளர் வீடு திரும்பினார். ஏடு அத்தோடு முடிந்தது.

அந்த மனிதர் இன்னும் உயிரோடிருக்கிறாரா? ஏடு கூறாத அக்கேள்விக்கு விடை காண, கோலி நியூயோர்க் நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியிலே, ஏழைக் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த குடியிருப்புக்களிற் கதவு கதவாகத் தட்டி விசாரித்தார். ஆளைக் கண்டும் பிடித்தார். கழுத்திலே பழைய தழும்பு இருந்தது. நோய் வந்து ஏறத்தாழ ஏழாண்டு கழிந்தும் புற்றுநோயின் சுவடு இல்லை. கோலியின் வாழ்க்கை முழுவதற்கும் திசை காட்டியது அந்த ஒரு தழும்பே.

இவ்வாறான நிகழ்ச்சியைக் கண்டவர் அவர் ஒருவரே அல்லர். ஜேர்மனியிலே புஷ் என்பவரும் பேலைசன் என்பவரும் முன்னரே இதனைக் கவனித்திருந்தனர். எரிசிப்பெலாஸை உண்டாக்கும் கிருமியைப் பேலைசன் பிரித்தறிந்தும் இருந்தார். ஆயினும் அந்த நூலிழையைப் பற்றிக்கொண்டு வாழ்நாள் முழுவதும் நடந்தவர் கோலியே.

1891 மே மாதத்தில், தொண்டையிலும் கழுத்திலும் கட்டி வளர்ந்து உணவு விழுங்க இயலாதிருந்த இத்தாலியர் ஒருவருக்கு அவர் உயிருள்ள கிருமிகளை ஊசியினால் ஏற்றினார். பல மாதம் முயன்றும் காய்ச்சல் வேண்டிய அளவு எழவில்லை. ஒக்டோபரில், பெர்லின் நகரிலே றொபேட் கொக்கின் ஆய்வுகூடத்திலிருந்து பெற்ற வீரியமிக்க கிருமிகளை ஏற்றியதும் நோயாளர் மரணத்தின் வாயிலைத் தொட்டு மீண்டார். இரண்டு வாரத்திற் கழுத்துக் கட்டி கரைந்தழிந்தது. சில வாரமே வாழ்வார் எனக் கருதப்பட்ட அவர் பின்னும் எட்டாண்டுகள் வரை வாழ்ந்தார்.

இங்கே நான் ஒன்றை மறைக்கலாகாது. கிருமியைக் கொல்லும் மருந்துகள் தோன்றியிராத காலம் அது. ஏற்றிய கிருமியை மீட்டெடுக்க வழியில்லை. கோலியின் தொடக்ககால நோயாளர் இருவர் அந்தத் தொற்றினாலேயே மாண்டனர். ஒரு மரணத்திற் பிறந்த முயற்சி வேறு மரணங்களுக்குக் காரணமாயிற்று. இதனை அவர் எவ்வாறு தாங்கினாரோ நாம் அறியோம். ஆனால் முறையை மாற்றினார் என்பதை அறிவோம். வெப்பத்தினாற் கொல்லப்பட்ட கிருமிகளையே பயன்படுத்தத் தொடங்கி, அவற்றின் வீரியம் போதாமையால் இன்னொரு வகைக் கிருமியையும் சேர்த்தார். அக்கலவையே கோலியின் நச்சுக்கள் எனப் பெயர்பெற்றது. 1893 ஜனவரியில், வயிற்றை நிறைத்த பெருங்கட்டியோடு கிடந்த பதினாறு வயதுச் சிறுவனுக்கு அதனை முதலில் ஏற்றினார். மாதக்கணக்காக ஏற்றிய பின் கட்டி படிப்படியாகத் தேய்ந்து மறைந்தது. அச்சிறுவன் வளர்ந்து, மேலும் 26 ஆண்டுகள் வாழ்ந்து, மாரடைப்பினால் இறந்தான்.

இத்தகைய வெற்றியாளருக்கு உலகம் மாலை சூட்டியிருக்க வேண்டுமன்றோ? சூட்டவில்லை. அதற்குக் காரணம் பகைவரின் பொறாமை என்று மட்டும் கூறி முடித்துவிடுதல் நேர்மையாகாது. நச்சுக் கலவை ஒருமுறை செய்தது போல மறுமுறை அமையவில்லை. மருந்து நிறுவனங்கள் செய்தவற்றுள் வலிமையற்றவையும் இருந்தன. சிலர் கட்டியிலே ஏற்றினர். சிலர் தசையிலே ஏற்றினர். காய்ச்சல் எழும் முன்னரே நிறுத்தியோர் பலர். கோலியும் ஒழுங்கான கணக்கு வைத்து, மருந்து பெறாதவரோடு பெற்றவரை ஒப்பிட்டுக் காட்டினாரல்லர். எல்லாவற்றினும் மேலாக, இது ஏன் பலிக்கிறது என்று கேட்டோருக்கு அவரிடம் விடையில்லை. புற்றுநோயும் ஏதோவொரு கிருமியினாலேயே விளைகிறது என்று அவர் நம்பினார், அந்நம்பிக்கை பிழையாயிற்று.

இதற்கிடையில் 1895இல் எக்ஸ்-கதிரும் 1898இல் ரேடியமும் கண்டுபிடிக்கப்பட்டன. கதிரின் அளவைக் கணக்கிடலாம். பலன் உடனே கண்ணுக்குத் தெரியும். நோயாளர் காய்ச்சலில் நடுங்கவேண்டியதில்லை. கோலி பணியாற்றிய மெமோறியல் வைத்தியசாலையிலேயே, புகழ்பெற்ற நோயியலறிஞரான ஜேம்ஸ் யூயிங் கதிர்ச் சிகிச்சையின் பக்கம் நின்று, நச்சுக்களை எதிர்த்தார். ஒரே கூரையின் கீழே இருவரும் பல்லாண்டு கருத்து மாறுபட்டு வாழ்ந்தனர். கோலி கதிரையும் கையாண்டார். ஆயினும் தம் வழியைக் கைவிட்டாரல்லர். ஏறத்தாழ ஆயிரம் நோயாளருக்குச் சிகிச்சை செய்து, 1936 ஏப்ரல் 16ஆம் திகதி காலமானார். அவர் மறைவோடு அவருடைய முறையும் மறைந்தது போலாயிற்று. 1965இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அதனை நிரூபிக்கப்படாத வைத்தியங்களின் பட்டியலிலே சேர்த்தது. பத்தாண்டுகளின் பின்னரே அதிலிருந்து நீக்கிற்று.

தந்தையின் பெயரைக் காத்தவர் மகள். ஹெலன் கோலி நோட்ஸ் மருத்துவம் பயின்றவரல்லர். தந்தை விட்டுச்சென்ற கடிதங்களையும் குறிப்புக்களையும் ஆண்டுக்கணக்காக அமர்ந்து ஒழுங்குபடுத்தி, தந்தை செய்யத் தவறிய கணக்கை அவர் செய்தார்: யாருக்கு எந்தக் கலவை, எங்கே, எத்தனை நாள், எவ்வளவு காய்ச்சல், எத்தனை ஆண்டு வாழ்வு என்று. 1953இல் நியூயோர்க்கிலே புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவகத்தை நிறுவினார். அதற்குத் தொடக்கத்திற் பொருளுதவி செய்தவர்களுள் றொக்பெல்லர் குடும்பத்தினரும் ஒருவர். கையிழந்து இறந்த அந்தப் பதினேழு வயதுப் பெண்ணின் நெருங்கிய நண்பராயிருந்தவர் அக்குடும்பத்து இளையவரான ஜோன் றொக்பெல்லரே. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் அவளுடைய மரணம் பணிசெய்துகொண்டிருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கோலியிடம் இல்லாதிருந்த விடை வேறிடங்களில் மெல்ல உருவாயிற்று. 1882இல் மெச்னிக்கொவ் என்னும் ரூசிய அறிஞர், சிசிலித் தீவின் மெசினா நகரிலே, கண்ணாடிபோலத் தெளிந்த நட்சத்திரமீன் குஞ்சின் உடலில் முள்ளொன்றைக் குத்தி வைத்தார். மறுநாட் காலையில் அசையும் கலங்கள் திரண்டு முள்ளைச் சூழ்ந்து நின்றன. அந்நியப் பொருளை விழுங்கும் காவற்கலங்கள் உடலில் உண்டு என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியே நிர்ப்பீடனத்தின் பயிற்சிக்கூடம் என்பதை 1961இல் ஜாக் மில்லர் காட்டினார். அங்கே பயின்று வரும் ரி-கலங்கள் கெட்டுப்போன கலத்தை இனங்கண்டு கொல்லவல்லவை. ஆனால் புற்றுநோய்க் கலம் நம் கலத்திலிருந்தே பிறந்தது. வீட்டுக்குள்ளே வளர்ந்த கள்வன். காவலர் அதனை அயலானெனக் கொள்ளாது உறங்கிவிடுவதுண்டு. கிருமி உட்புகும்போது விழுங்கும் கலங்கள் விழித்து, இரசாயனத் தூதுகளை விடுத்து, ரி-கலங்களையும் எழுப்புகின்றன. கோலியின் காய்ச்சல் உறங்கிய காவலரை எழுப்பிய பறையொலி என இன்று கருதப்படுகிறது.

ஹெலனுடைய நிறுவகத்தின் அறிவியல் வழிகாட்டியாகப் பின்னர் அமைந்த லொயிட் ஓல்ட், 1959இல் பி.சி.ஜி. ஏற்றிய எலிகள் புற்றுக்கட்டியை எதிர்த்து நிற்பதைக் காட்டினார். 1976இல் கனடாவிலே மொறாலெஸ் என்னும் வைத்தியர் அதனைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தி வெளியிட்டார். ரி-கலங்களுக்குத் தடுப்புக்கட்டைகளும் உண்டு எனக் கண்டு, அவற்றைத் தளர்த்தும் வழியைத் திறந்த ஜேம்ஸ் அலிசனும் தசுக்கு ஹொஞ்ஜோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். அவ்வகை மருந்துகளும் எல்லோருக்கும் பலிப்பதில்லை. ஏன் சிலருக்கு மட்டும் என்னும் கோலியின் பழைய கேள்வி இன்றும் ஆய்வுகூடங்களில் நிற்கிறது.

இவற்றையெல்லாம் தமையனாருக்கு எடுத்துரைத்தேன். நெடுநேரம் மௌனமாயிருந்தவர், விடை சரியாயிருந்தும் வழியைக் காட்டத் தெரியாத மாணாக்கர்களுக்குத் தாம் புள்ளி வழங்காது விட்டதை நினைவுகூர்ந்தார். ஆறு முறையும் முடிந்துவிட்டன. மூன்று மாதத்திற்கொருமுறை வைத்தியர்கள் உள்ளே கருவி செலுத்திப் பார்க்கிறார்கள். இதுவரை நோய் திரும்பவில்லை. நாளை என்னவாகுமென யாரும் உறுதி கூறவில்லை, அவரும் கேட்கவில்லை. கடைசி மருந்தேற்றிய இரவு காய்ச்சல் கண்டபோது மாத்திரம் அவர் முறைப்பாடு சொல்லவில்லை. போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு, காவலர் விழித்துவிட்டார்கள் போலும் என்று முறுவலித்துக் கண்ணை மூடினார்.